மூளையும் முதுமையிற் சிறுநீர் அடங்காமையும்

சிறுநீரைத் தேக்குவது பை. அதனைக் கழிக்கும் பொழுதைத் தீர்மானிப்பது மூளை. மூளைத்தண்டிலுள்ள சிறுநீர் மையத்தை 1925இல் பாரிங்டன் பூனைகளை ஆராய்ந்து விளக்கினார். அம்மையத்தை அடக்கியாள்வது மூளையின் முன்மடல். முதுமையில் நுண்குருதிக் குழாய்கள் பழுதுற்று, முன்மடலின் நரம்புப் பாதைகள் நலியுமாயின், அவ்வடக்கம் தளரும். பொறுக்கவொண்ணா அவசரம் தோன்றும்.

ஹட்டன், நுவரெலியாத் தோட்டங்களில் இத்துன்பம் பெரிதாகிறது. குளிரில் சிறுநீர் மிகுதியாகச் சுரக்கும். பழைய லயங்கள் பலவற்றில் கழிப்பிடமோ வெளியே உள்ளது. இருளில் விரையும் முதியோர் விழுந்து எலும்பு முறிதலும் உண்டு.

நடைத்தளர்ச்சி, மறதி, சிறுநீர் அடங்காமை ஆகிய மூன்றும் ஒருங்கே தோன்றின், வெறும் மூப்பென ஒதுக்கலாகாது. மூளையறைகளில் நீர் தேங்குவதாலும் இவை நேரலாம் என 1965இல் ஹக்கீமும் ஆடம்சும் காட்டினர். அந்நீரைக் குழாய்வழி வடியச்செய்தால் பலர்க்கு நடை தேறும். ஆதலின் நாணி மறைத்தல் வேண்டா. மருத்துவரிடம் உரைத்தலே நன்று.