ஒரே கட்டி, இரண்டு பெயர்கள்

கழுத்தில் நெறி கட்டுகிறது. வாரங்கள் போயும் வடியவில்லை. பயாப்ஸியில் லிம்ஃபோமா, அதாவது நிணநீர்ப் புற்றுநோய் என்று தெரிகிறது. சிகிச்சையைத் தொடங்க இந்த ஒரு சொல் போதாது. இதில் பல டஜன் வகைகள் உண்டு. சிலவற்றை ஆண்டுக்கணக்கில் மருந்தின்றிக் கண்காணித்தாலே போதும். சிலவற்றுக்குக் கீமோவைத் தள்ளிப்போடவே கூடாது.

வகை பிரிப்பதில் நிபுணர்களிடையே எப்போதும் சச்சரவுதான். ஐரோப்பாவில் 1974இல் கார்ல் லென்னர்ட் குழுவின் கீல் முறை வந்தது. அமெரிக்காவில் 1982இல் 'வொர்க்கிங் ஃபார்முலேஷன்' வந்தது. இன்று மேன்டில் செல் லிம்ஃபோமா என்று அறியப்படும் நோயை லென்னர்ட் வேறு பெயரில் தனியே பிரித்திருந்தார். அமெரிக்க முறையிலோ அது வேறு நோய்களோடு கலந்து கிடந்தது. இப்படியிருக்க, இரு கண்டங்களின் மருந்து ஆய்வுகளை எப்படி ஒப்பிடுவது? 1994இல் 19 நோயியல் நிபுணர்கள் கூடி உருவாக்கிய 'ரியல்' முறையும், அதன் வழியில் 2001இல் வந்த உலக சுகாதார நிறுவனப் பட்டியலும்தான் எல்லோரையும் ஒரே மொழி பேச வைத்தன.

2022இல் அந்த ஒற்றுமை உடைந்தது. உலக சுகாதார நிறுவனப் பட்டியலின் ஐந்தாம் பதிப்பும், ஐசிசி என்ற சர்வதேச ஒருமித்த வகைப்பாடும் ஒரே ஆண்டில் வெளிவந்தன.

ஃபாலிக்குலர் லிம்ஃபோமாவைப் பாருங்கள். நோயியலாளர் 400 மடங்கு பெரிதாக்கி, ஒரு பார்வைப் புலத்தில் சென்ட்ரோபிளாஸ்ட் எனும் பெரிய செல்கள் எத்தனை என்று எண்ணுவார். ஐந்து வரை முதல் கிரேடு, பதினைந்து வரை இரண்டாவது, அதற்கு மேல் மூன்றாவது. ஒருவர் பதினான்கு எண்ணும் இடத்தில் இன்னொருவர் பதினாறு எண்ணக்கூடும். அதனால் ஐந்தாம் பதிப்பு, இந்தக் கிரேடு கட்டாயமில்லை என்கிறது. ஐசிசி அதை விடவில்லை. எண்ணிக்கை தடுமாறுவது உண்மைதான். ஆனால் பல ஆண்டு மருந்து ஆய்வுகள் இந்தக் கிரேடுகளை வைத்தே நடந்திருப்பதால் சட்டென்று கைவிடுவதும் சரியல்ல.

எம்.ஒய்.சி., பி.சி.எல்.6 என்ற இரு மரபணுக்கள் மட்டும் இடம்மாறிய பெரிய பி-செல் லிம்ஃபோமாவில் சிக்கல் இன்னும் கூர்மை. ஐசிசி இதைத் தற்காலிகத் தனி வகையாக வைக்கிறது; ஐந்தாம் பதிப்பு பொதுப் பிரிவுகளில் சேர்த்துவிடுகிறது. வழக்கமான ஆர்-சாப் மருந்துகளா, அதைவிடக் கடுமையான ஈபாக்-ஆரா என்ற முடிவை இந்தப் பெயர் அசைத்துவிடலாம்.

இரண்டு பெயர்களையும் ரிப்போர்ட்டில் எழுதுவதே நோயாளிக்குச் செய்யும் நியாயம். ரிப்போர்ட் கைக்கு வந்ததும், எந்த வகைப்பாட்டின்படி எழுதியது என்று மருத்துவரிடம் கேளுங்கள். பயாப்ஸியின் மெழுகு பிளாக்கையும் ஸ்லைடுகளையும் பத்திரப்படுத்துங்கள். இரண்டாவது கருத்துக்கு அவைதான் தேவைப்படும்.