பாலைவனம் காத்த வெண்காரம்

நகைப் பட்டறைகளில் பொன்னை ஒட்டுவதற்குப் பொற்கொல்லர் பயன்படுத்தும் வெண்காரத்தை நம்மவர் நன்கறிவர். ஆனால் அந்த வெண்ணிறத் தூள் பூமியில் எவ்வாறு உருவாகின்றது என்பதை நம்மில் பலர் சிந்தித்ததில்லை. அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில், மொஹாவி பாலைவனத்தில் அமைந்துள்ள போரன் என்னும் சிற்றூரின் சுரங்கம் இதற்கு விடை தருகின்றது.

1913 ஆம் ஆண்டு அப்பகுதியில் தண்ணீருக்காகக் கிணறு துளைத்தவர்களுக்குக் கிடைத்தது கோல்மனைற் என்னும் போரன் கனியமாகும். நீரைத் தேடியவர்கள், என்றோ வற்றிப்போன ஓர் ஏரியின் எச்சத்தையே கண்டடைந்தனர் என்பது பின்னரே தெரியவந்தது.

புவியோட்டில் போரன் மிக அரிதாகவே காணப்படுகின்றது. அது ஓரிடத்தில் பெருமளவில் திரள்வதற்கு மூன்று நிலைமைகள் ஒருங்கே அமைதல் வேண்டும். எரிமலை சார்ந்த வெந்நீரூற்றுகள் போரனைக் கொண்டுவர வேண்டும். அந்நீர் வெளியேற வழியற்ற மூடிய பள்ளம் இருத்தல் வேண்டும். நீரை ஆவியாக்கும் வறண்ட காலநிலையும் நிலவுதல் வேண்டும். மையோசீன் காலத்தில், அதாவது இற்றைக்கு 15 மில்லியன் வருடங்களுக்கும் முன்னர், மொஹாவியில் இம்மூன்றும் கூடின. பசாற்று எரிமலைப் பாறையின் மீது தேங்கிய ஏரியின் மத்தியில் சோடியம் மிகுந்த வெண்காரம் பளிங்குகளாகப் படிந்தது. அதனைச் சுற்றி சோடியமும் கல்சியமும் கலந்த யூலெக்சைற்றும், வெளிவிளிம்பில் கல்சியம் சார்ந்த கோல்மனைற்றும் அமைந்தன.

இங்கு ஒரு கேள்வி எழுதல் இயல்பே. வெண்காரம் நீரில் எளிதிற் கரையக்கூடியது. அவ்வாறாயின் இத்தனை காலம் அது கரையாது எஞ்சியது எங்ஙனம்? ஏரிக் களிமண் அதனை மேலும் கீழும் மூடி, நிலத்தடி நீர் புகாது தடுத்தது. எளிதிற் கரையாத கல்சியக் கனியங்கள் பக்கங்களிற் சுவராக நின்றன. பாலைவனத்தின் வறட்சியும் துணைநின்றது. படிவு ஆழப் புதைந்தபோது வெப்பம் உயர்ந்து, வெண்காரத்தின் ஒரு பகுதி தன்னுள் இருந்த நீரின் பெரும்பங்கை இழந்து வேறொரு கனியமாக மாறியது. கேர்ன் மாவட்டத்தின் பெயரால் அது 1927 இல் கேர்னைற் எனப் பெயர் பெற்றது. நிலம் மீண்டும் உயர்ந்து நீர் சேர்ந்த இடங்களில் கேர்னைற் மறுபடியும் வெண்காரமாகியிருப்பதையும் ஆய்வாளர்கள் கண்டுள்ளனர்.

நிலத்தடிச் சுரங்கமாகத் தொடங்கிய இவ்விடம் 1957 இல் திறந்த அகழ்வாக மாற்றப்பட்டது. கண்ணாடி, கண்ணாடி நார், பீங்கான், உரம் எனப் பல உற்பத்திகளுக்குப் போரன் இன்றியமையாதது. உலகின் அறியப்பட்ட இருப்பில் பெரும்பகுதி துருக்கியிடம் உள்ளது. எனவே இவ்வளத்தின் விநியோகம் ஒருசில நாடுகளின் கைகளிலேயே தங்கியுள்ளது என்பதை மறுப்பதற்கில்லை.

புதிய படிவுகளைத் தேடும் முனைப்பு இதனாலேயே தீவிரமடைந்துள்ளது. நெவாடா மாநிலத்தின் ரயோலைற் ரிட்ஜ் பகுதியில் போரனும் இலித்தியமும் ஒருங்கே காணப்படுகின்றன. அதே மண்ணில், சுமார் 10 ஏக்கர் நிலத்தில் மட்டும், டீம்ஸ் பக்வீற் என்னும் சிறு காட்டுச்செடி வளர்கின்றது. உலகில் வேறெங்கும் அது இயற்கையாக வளர்வதில்லை. 2022 டிசம்பரில் அச்செடியை அழிந்துவரும் இனமாகப் பிரகடனம் செய்த அமெரிக்க அரசாங்கம், 2024 ஒக்டோபரில் அங்கு சுரங்கம் அமைப்பதற்கும் அனுமதி வழங்கியது. மின்கலங்களுக்கு இலித்தியம் தேவை என்பதும் உண்மை. அழிந்த இனம் மீளாது என்பதும் உண்மை.

பாலைவனம் என்றால் எதுவுமற்ற வெற்று நிலம் என்று எண்ணுவது பெருந்தவறு. கோடி வருட நிகழ்வுகள் சேர்த்துவைத்த கனியமும், அக்கனியம் நிறைந்த மண்ணிலே வாழப் பழகிய உயிரும் அங்கு அருகருகே உள்ளன. வெட்டியெடுத்த கனியத்தை ஏரி மீண்டும் நமக்காகப் படியவைக்கப் போவதில்லை. தோண்டும் உரிமையை வழங்குவோர், எதை எடுக்கிறோம் என்பதோடு எதை இழக்கிறோம் என்பதையும் கணக்கிடுதல் வேண்டும் என்பதே நமது நிலைப்பாடாகும்.