உங்களுக்குத் தெரியுமா? எழுபதை ஒட்டி எடுத்த தூரிகை

தெயுவானே திப்போ 1895-இல் சமோவாவில் பிறந்தவர். அவருக்கு நான்கு வயதானபோது ஜெர்மனியும் அமெரிக்காவும் அந்தத் தீவுகளைக் கூறுபோட்டுக்கொண்டன. 1914-இல் ஜெர்மனியின் பங்கை நியூசிலாந்துப் படை கைப்பற்றியது. பின்னாளில் ஆக்லாந்தில் குடியேறிய திப்போ, தூரிகையைக் கையில் எடுத்தபோது வயது ஏறத்தாழ எழுபது. பேரன் பேத்திகளுக்குக் கதை சொல்லும் வயது! அவரும் கதைதான் சொன்னார், வண்ணத்தில்.

ஓவியப் பள்ளி எதிலும் பயின்றதில்லை. எதிரே காட்சியை வைத்துக்கொண்டும் வரையவில்லை. இளமையில் பார்த்த தீவு வாழ்க்கையையும் மலர்களையும் நினைவிலிருந்தே தீட்டினார். தூரம், அளவு என்ற இலக்கண வரம்புகளெல்லாம் அந்தப் படங்களில் செல்லாது. ஆனால் நிறம்? கண்ணைப் பறிக்கும். ஆக்லாந்தின் கலைக்கூடங்கள் அவற்றைக் காட்சிக்கு வைத்தன. பசிபிக் தீவுகளிலிருந்து வந்து நியூசிலாந்து ஓவிய உலகில் இடம்பிடித்த முன்னோடிகளில் அவரும் ஒருவர். 1984-இல் மறைந்தார்.

நிறத்தோடு விளையாடுவது திப்போவைப் போன்ற சமோவாப் பெண்களுக்குப் புதிதல்ல. காகித மல்பெரி மரத்தின் உட்பட்டையை அடித்து, விரித்து, ‘சியாப்போ’ என்னும் பட்டைத்துணி செய்து, அதில் கோலம்போல வடிவங்கள் தீட்டுவது அவர்களின் பழங்கலை. சாயமெல்லாம் தோட்டத்திலேயே கிடைக்கும்: கறுப்புக்கு எண்ணெய்க்கொட்டையை எரித்த கரி, சிவப்புக்கு ஜாபரா விதை. மஞ்சள் நிறத்துக்கு? நம் சமையலறை மஞ்சள் கிழங்கேதான்.