கண்ணாடிக்குக் கண் இல்லை

கொட்டாஞ்சேனையில் நடந்த எமது மாதாந்தச் சந்திப்பில் ஒரு சகோதரி தயங்கித் தயங்கிக் கேட்டார்: "மிஸ், சுவர்க்கண்ணாடி மனுசரைப் பார்க்குமா?"

முல்லைத்தீவைச் சேர்ந்த அவர், வெள்ளவத்தைத் தொடர்மாடி ஒன்றில் தங்கி ஒரு முதிய அம்மாவைப் பராமரிக்கிறார். வெளிநாட்டிலிருந்து விடுமுறையில் வந்த மகன் விறாந்தையில் ஒரு புதுக் கண்ணாடியை மாட்டிவிட்டுப் போனார். முன்னால் நின்றால் நேரம், காலநிலை, அம்மாவின் மருந்து வேளை எல்லாம் அதில் எழுத்தாகத் தெரியும். விலகினால் சற்று நேரத்தில் அணைந்துவிடும்.

ஒருநாள் நள்ளிரவில் தண்ணீர் குடிக்க எழுந்தவரைக் கண்டு அது தானாக ஒளிர்ந்தது. அவருக்குக் கைகால் நடுங்கிவிட்டது. பரா வெளிச்சத்தின் கீழ் பங்கருக்கு ஓடியவர்களுக்கு அந்த நடுக்கம் புரியும். மறுநாளே கண்ணாடியைத் துணியால் மூடிவிட்டார். மகனுக்குக் கோபம். வேலை போய்விடுமோ என்று இவருக்குப் பயம்.

அவர் கேட்டது நியாயமான கேள்வி. பதிலைப் பார்ப்போம்.

இவ்வகைக் கண்ணாடியின் செய்முறையை 2014இல் நெதர்லாந்தைச் சேர்ந்த மைக்கேல் டீயூ இணையத்தில் இலவசமாகக் கொடுத்துப் பரவலாக்கினார். முகமும் காட்டி, பின்னாலுள்ள ஒளியையும் கடத்தும் கண்ணாடி. அதன் பின்னே ஒரு கணினித் திரை. வங்கி அட்டையளவு 'ராஸ்பெரி பை' கணினி. இவ்வளவுதான்.

திரையை ஏற்றி அணைப்பது சட்டத்தில் பொருத்திய ஒரு சிறு வெள்ளைக் குமிழ். அதுதான் அசைவு உணரும் சென்சர். எமது உடற்சூடு கண்ணுக்குத் தெரியாத கதிராக வெளிவருகிறது. அந்தச் சூடு இடம் மாறுவதை மட்டுமே சென்சர் அறியும். யார் வந்தது, என்ன உடுத்திருந்தார் என்பதெல்லாம் அதற்குத் தெரியாது. படம் பிடிக்கவும் முடியாது. கண்ணாடியும் துணியும் இக்கதிரை மறைத்துவிடும். அதனால்தான் சென்சரைக் கண்ணாடிக்குப் பின்னால் வைப்பதில்லை. துணி மூடியதும் அது உறங்கிப்போனதும் அதனால்தான். அசையாமல் நின்றாலும் அணைந்துவிடும். கையை ஒருமுறை அசைத்தால் போதும்.

இதில் இலாபமும் உண்டு. 20 வொட் திரை ஒன்று இரவுபகலாக எரிந்தால் மாதம் 14 அலகுக்கு மேல் செலவாகும். நாளுக்கு 2 மணிநேரம் மட்டும் எரிந்தால் ஏறக்குறைய 1 அலகுதான். 2022 ஓகஸ்டில் 75 வீதமும் 2023 பெப்ரவரியில் 66 வீதமும் மின்கட்டணம் கூடியதை நாம் மறக்கவில்லை. ஆனால் திரை கறுத்திருந்தால் போதாது. அதன் பின்விளக்கும் அணைய வேண்டும்.

மகனுடன் தொலைபேசியில் பேசினேன். அந்தக் கண்ணாடியில் கெமராவோ மைக்கோ இல்லை என்றார். இதை முதலிலேயே அக்காவுக்குச் சொல்லியிருக்கலாமே என்றேன். ஒப்புக்கொண்டார். இரவு 10 முதல் காலை 5 மணிவரை திரை ஒளிராதபடி மாற்றினார். துணி இப்போது அலுமாரிக்குத் திரும்பிவிட்டது.

சகோதரிகளே, சில கண்ணாடிகளில் கெமராவும் மைக்கும் சேர்த்தே பொருத்துகிறார்கள். ஆகவே வேலை செய்யும் வீட்டில் புதுக்கருவி எது வந்தாலும் கேளுங்கள்: இது என்ன உணர்கிறது? எதையாவது பதிவு செய்கிறதா? எப்படி அணைப்பது? கேட்பது உங்கள் உரிமை. நீங்கள் தூங்கும் இடத்தில் என்ன இருக்கிறது என்று உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.