தேசிய கொடியை யார் ஏத்தலாம்? ஜார்ஜ் கோட்டை முதல் கிராமம் வரை ஒரு கொடியின் கதை

உத்திரமேரூர், ஆக.14-

நாளை சுதந்திர தினம். உத்திரமேரூர் சுற்று வட்டார கிராமங்களில் பள்ளிக்கூடம், ஊராட்சி அலுவலகம் என எங்கு பார்த்தாலும் கொடி பறக்கும். பையன்கள் சைக்கிளில் சொருகிக்கிட்டு போவாங்க. ஆட்டோவிலும் கொடி ஆடும்.

ஆனால் இந்த கொடியை கையில் பிடித்ததற்காக அடி வாங்கிய காலம் உண்டு. சுதந்திரம் கிடைத்த பிறகும் நினைத்த நாளில் வீட்டில் ஏற்ற முடியாது. அந்த உரிமை படிப்படியாகத்தான் வந்தது.

உயிரை விட்ட குமரன்

1921-ல் ஆந்திராவை சேர்ந்த பிங்கலி வெங்கையா, சிவப்பு-பச்சையில் ஒரு கொடி வரைந்து காந்தியிடம் கொடுத்தார். பிறகு வெள்ளையும் ராட்டையும் சேர்ந்தன. 1931-ல் சிவப்பு போய் காவி வந்தது.

1932-ம் ஆண்டு ஜனவரி 10-ந்தேதி திருப்பூரில் கொடியுடன் ஊர்வலம் போன குமரனை போலீசார் தடியால் அடித்தனர். மண்டை உடைந்தும் அவர் கொடியை விடவில்லை. மறுநாள் இறந்தார். அப்போது அவருக்கு வயது 27. "கொடி காத்த குமரன்" என்ற பெயர் அப்படி வந்ததுதான்.

அதே மாதம் 26-ந்தேதி, சென்னை ஜார்ஜ் கோட்டை கொடிமரத்தில் ஏறி மூவர்ண கொடியை கட்டினார், ஆர்யா என்கிற பாஷ்யம்.

நிறத்துக்கு என்ன அர்த்தம்?

1947 ஜூலை 22-ந்தேதி அரசியல் நிர்ணய சபை இப்போதைய கொடியை ஏற்றுக்கொண்டது. ராட்டைக்கு பதில் 24 ஆரம் கொண்ட அசோக சக்கரம் வந்தது.

திருத்தணியில் பிறந்த டாக்டர் ராதாகிருஷ்ணன் அந்த சபையில் விளக்கம் சொன்னார். காவி என்றால் தியாகம். தலைவர்கள் சொந்த லாபம் பார்க்க கூடாது. வெள்ளை, உண்மையின் பாதை. பச்சை, மண்ணோடும் பயிரோடும் நமக்குள்ள உறவு. சக்கரம் தர்மத்தை குறிக்கும், தேங்கி நிற்காமல் முன்னேற சொல்லும்.

"இந்த நிறம் இந்த மதத்துக்கு" என்று சிலர் பிரித்து பேசுவதுண்டு. கொடிக்கு மத அர்த்தம் கிடையாது என்று நேரு அதே சபையில் தெளிவாக சொல்லிவிட்டார்.

1947 ஆகஸ்டு 15 அன்று ஜார்ஜ் கோட்டையில் ஏற்றிய பட்டு கொடி, அங்குள்ள அருங்காட்சியகத்தில் பாதுகாக்கப்படுகிறது.

முதல்-அமைச்சருக்கே இல்லாத உரிமை

முன்பெல்லாம் மாநிலங்களில் சுதந்திர தினத்தன்று கவர்னர்தான் கொடி ஏற்றுவார். முதல்-அமைச்சராக இருந்த கருணாநிதி மத்திய அரசிடம் கேட்டு வாங்கிய பிறகு, 1974 முதல் அந்த உரிமை முதல்-அமைச்சர்களுக்கு வந்தது.

சாதாரண ஜனங்களுக்கு 2002 ஜனவரி 26-ல் கதவு திறந்தது. அன்று முதல் யாரும் எந்த நாளிலும் கொடி ஏற்றலாம். இது அடிப்படை உரிமை என்று 2004-ல் சுப்ரீம் கோர்ட்டும் தீர்ப்பு கூறியது. 2022 முதல் வீட்டில் இரவிலும் பறக்க விடலாம்.

காவி மேலே இருக்க வேண்டும். தரையில் படக்கூடாது. கொடியில் எதுவும் எழுதக்கூடாது. கிழிந்ததை பறக்க விடக்கூடாது. கொடியை அவமதித்தால் 3 ஆண்டு வரை ஜெயில்.

ஊராட்சியில் யார் கை?

சட்டம் எல்லோருக்கும் உரிமை கொடுத்தாலும், ஊருக்குள் நிலைமை வேறு. 2020 சுதந்திர தினத்தில், திருவள்ளூர் மாவட்டம் ஆத்துப்பாக்கத்தில் பட்டியல் இனத்தை சேர்ந்த ஊராட்சி தலைவி கொடி ஏற்ற விடாமல் தடுக்கப்பட்டார். விஷயம் வெளியே வந்ததும், ஆகஸ்டு 20-ந்தேதி கலெக்டர் முன்னிலையில் அவர் கொடி ஏற்றினார். சாதி பாகுபாடு இல்லாமல் ஊராட்சி தலைவர்கள் கொடி ஏற்றுவதை உறுதி செய்ய வேண்டும் என்று 2022-ல் தலைமை செயலாளர் எல்லா கலெக்டர்களுக்கும் கடிதம் அனுப்பினார்.

குடவோலை தேர்தல் நடந்த ஊர் என்று உத்திரமேரூருக்கு பெருமை உண்டு. பராந்தக சோழன் காலத்து கல்வெட்டு வைகுண்ட பெருமாள் கோவிலில் இருக்கிறது. ஆனால் 1,100 வருஷத்துக்கு முன்பு, நிலமும் சொந்த வீடும் வைத்து வேதம் படித்தவர்கள் பெயர்தான் அந்த குடத்துக்குள் போனது. இன்று கூலி வேலை செய்பவரும் ஓட்டு வாங்கி தலைவர் ஆகலாம்.

நாளை காலை உங்க ஊரில் கொடிக்கயிறு யார் கையில் இருக்குன்னு பாருங்க. ஓட்டு வாங்கி வந்தவரை ஒதுக்கிவிட்டு வேறு ஒருவர் இழுத்தால், கொடி பறந்தும் பிரயோஜனம் இல்லை.