சாலை மரமும் நிழற் கணக்கும்

திருவனந்தபுரத்திலிருந்து கன்னியாகுமரிக்குச் செல்லும் 66ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையில், நெய்யாற்றின்கரையைக் கடந்து பாறசாலையை அடையுமுன் உதியன்குளங்கரை என்னும் ஊர் வருகிறது. நகரமென்று சொல்லத் தக்கதன்று. ஆயினும் இப்பகுதியில் ஓர் ஊர் முடியுமிடமும் அடுத்த ஊர் தொடங்குமிடமும் கண்ணுக்குப் புலப்படா. வீடும் கடையும் சாலையோரமாகத் தொடர்ந்தே செல்கின்றன. ஆகவே, தாரும் சிமெண்டும் வெயிலை வாங்கி வைத்துக்கொண்டு இரவிலும் வெளிவிடுகின்ற நகரத்து வெப்பம், இங்கும் அறியப்படாத பொருளன்று.

சாலைக்கு மரம் அணிகலன் என்று முன்னோர் கருதவில்லை. மனிதருக்கும் விலங்குகளுக்கும் நிழல் தரும்பொருட்டு வழிநெடுக ஆலமரங்களை நடச் செய்ததாக அசோகர் தம் தூண் சாசனத்தில் பொறித்துள்ளார். பழைய திருவிதாங்கூர்ச் சாலைகளில் தலைச்சுமையை இறக்கி வைக்கும் சுமைதாங்கிக் கல்லும் நிழல் மரமும் வழிப்போக்கருக்குத் துணையாக இருந்தன. சுமை தூக்குவோர் குறைந்துவிட்டனர். பேருந்துக்காக வெயிலில் நிற்போர் குறையவில்லை. கோடையில் நண்பகல் 12 மணி முதல் 3 மணி வரை திறந்த வெளியில் தொழிலாளர் வேலை செய்யலாகாது என்று கேரள அரசு ஆணையிடும் அளவுக்கு வெயில் கடுமையாகியுள்ளது. 2024 ஏப்ரல் இறுதியில் பாலக்காட்டில் வெப்ப அலையே வீசிற்று.

மரம் குளிர்ச்சி தருவது இருவகையால். ஒன்று, இலைகளின் வழியே நீர் ஆவியாதல். ஒரு லிட்டர் நீர் ஆவியாக ஏறத்தாழ 580 கிலோ கலோரி வெப்பம் செலவாகிறது; அவ்வெப்பம் சுற்றியுள்ள காற்றிலிருந்தும் இலைமீது விழும் வெயிலிலிருந்தும் எடுக்கப்படுகிறது. மற்றொன்று, நிழல். உலர்ந்த காற்றுள்ள உள்நாட்டு ஊர்களில் முதலாவது வகை பெரிதும் பயன்படும். கடற்காற்றில் ஈரம் மிகுந்த உதியன்குளங்கரை போன்ற இடங்களில் காற்று மேலும் நீராவியை எளிதில் ஏற்பதில்லை. ஆதலின் இங்கு நிழலே பெரும் உதவி. இதனால்தான் மரத்தடியிலும் வெளியிலும் காற்றின் வெப்பநிலையை அளந்தால் சிறு வேறுபாடே தோன்றுகிறது. ஆனால் நிற்பவர் உடலோ பெரிய வேறுபாட்டை உணர்கிறது. நேர்வெயிலும் சுட்ட தார் வீசும் அனலும் நிழலில் தடுக்கப்படுகின்றன.

நிழலே பயன் என்றால், கணக்கும் நிழலைக் கொண்டே செய்தல் வேண்டும். எட்டு மீட்டர் ஆரத்துக்குக் கிளை பரப்பிய மரம் ஏறத்தாழ 200 சதுர மீட்டர் இடத்தை மூடுகிறது. அரை மீட்டர் ஆரமுள்ள கன்று மூடுவது 0.8 சதுர மீட்டருக்கும் சற்றுக் குறைவு. அம்மரத்துக்கு ஈடாக 256 கன்றுகள் வேண்டும். சாலையை அகலப்படுத்த ஒரு மரத்தை வெட்டிப் பத்துக் கன்றுகள் நட்டதாகப் பதிவேட்டில் எழுதிக்கொண்டால், நிழலில் இருபத்தைந்தில் ஒரு பங்கே ஈடாயிற்று. அதுவும் பத்தும் பிழைத்தால்! நிற்கும் மரத்தைக் காக்க வழியுண்டா என்று பார்ப்பதே முதல் வேலை. வெட்டியே தீரவேண்டுமெனில், புதிய சாலையின் ஓரம் எங்கு வருமென்று அறிந்து, பணி தொடங்கப் பல ஆண்டுகள் முன்னரே அங்கு நட்டுவிடலாம். ஆல், அரசு போன்றவற்றை வேர்மண்ணுடன் பெயர்த்து வேறிடத்தில் நடுதலும் இயலும். ஆனால் அதற்குச் செலவு மிகுதி. எல்லா மரமும் அதைத் தாங்காது.

நடும் காலத்தைப் பற்றி ஒரு சொல். 1950இல் தொடங்கிய வனமகோத்சவம் ஜூலை முதல் வாரத்தில் நடைபெறுகிறது. தென்மேற்குப் பருவமழை பெய்யும் இவ்வூருக்கு அது நன்கு பொருந்தும். ஜூன் மழையில் நட்ட கன்று அக்டோபர் மழையிலும் வேரூன்றிக்கொள்ளும். சென்னையிலோ அது பொருந்தாது. அங்கே வடகிழக்குப் பருவமழையை ஒட்டி நடுவதே முறை. விழா நாளைக் கண்டு நடுதலினும் மேகத்தைக் கண்டு நடுதல் மேலன்றோ?

எதை நடுவது? புன்னை, புங்கு, மகிழம், நாவல், நீர்மருது ஆகியவை இம்மண்ணுக்குப் பழகியவை. மின்கம்பியின் கீழ் மந்தாரை, சரக்கொன்றை போன்ற சிறு மரங்களே தகும். பலாவும் அயனியும் நல்ல மரங்களாயினும், போக்குவரத்துள்ள சாலையில் பழம் தலைமேல் விழும் என்பதை மறக்கலாகாது. விரைவில் வளர்ந்து அழகாகப் பூக்கும் குல்மொகர் மடகாஸ்கரிலிருந்து வந்தது. அதன் மரம் வலுவற்றது. 2016 டிசம்பர் 12 அன்று சென்னையைத் தாக்கிய வர்தா புயலில் இத்தகைய மரங்கள் ஏராளமாகச் சாய்ந்தன. மறு ஆண்டு நவம்பர் 30 அன்று ஒக்கிப் புயல் கன்னியாகுமரி மாவட்டத்தில் செய்த அழிவை இவ்வூரார் அருகிலிருந்தே கண்டனர். மழையில் ஊறிய மண்ணில், சாக்கடைக்காக ஒரு பக்க வேர் வெட்டுண்ட மரம் எவ்வினமாயினும் நிலைப்பதரிது.

ஆகவே குழி பெரிதாக இருத்தல் நலம்; நீளம், அகலம், ஆழம் ஒவ்வொன்றும் ஒரு மீட்டர் கொள்க. செம்புறைக் கல் தட்டினால் கடப்பாரையால் உடைத்து, மேல்மண்ணும் தொழுவுரமும் இட்டு நிரப்புக. தூரைச் சுற்றிச் சிமெண்டு பூசுதல் கூடவே கூடாது. ஆளுயரக் கன்றுக்குக் கூண்டு வேண்டும். பின்னர் வருவதே சோதனைக் காலம்: டிசம்பர் முடிந்து மே வரை நீளும் வறட்சி. முதல் இரண்டு மூன்று கோடைகளுக்கு யார் நீர் ஊற்றுவார் என்பது முடிவாகாமல் குழி வெட்டுதல் வீண்.

பள்ளி ஆசிரியர்கள் ஜூன் மாதத்தில் மாணவரைக் கொண்டு சாலைக் கன்றுகளுக்கு எண் இடச் செய்யலாம். மறு ஆண்டு பள்ளி திறந்ததும் அதே வழியே சென்று, உயிருள்ளவற்றை எண்ணி, ஒவ்வொன்றின் நிழலையும் நண்பகலில் கயிற்றால் அளந்து குறித்து வைக்கட்டும்.