முன்னச்சின் மொழி

பழைய லாண்ட் றோவர் வண்டியின் முன்னச்சிலிருந்து எழும் ஓசை வெறும் இரைச்சலன்று; பொருளுடைய மொழியாகும். 1948 ஆம் ஆண்டு அம்ஸ்டர்டாம் கண்காட்சியில் அறிமுகமாகிய அவ்வண்டியின் வழிவந்தவை பல இன்றும் ஓடுகின்றன. ஓசை கேட்டதும் உறுப்பை மாற்ற விரைவோர் பலர். பணம் போகும், ஓசை போகாது.

ஓசை எப்பொழுது எழுகின்றது என்பதே முதல் வினா. விசை பூட்டித் திருப்பும்போது மட்டும் 'கடக் கடக்' எனின், சில்லை அடுத்துள்ள அரையச்சின் மூட்டு தேய்ந்திருத்தல் கூடும். விசை ஏறும்போதும் தணியும்போதும் 'தடக்' என இடிப்பின், பொறியின் விசையை அச்சுக்குக் கொணரும் தண்டின் மூட்டை ஐயுறுக. வேகத்தோடு வளர்ந்து, வளைவிலே பாரம் ஒருபுறஞ் சாய மாறும் உறுமல் பெரும்பாலும் சில்லின் பெயாரிங்கினது.

ஐயம் நீங்காதாயின், முன்சில்லின் குடத்தைப் பூட்டவும் விடுவிக்கவும் இயலும் வண்டிகளில் ஓர் எளிய சோதனையுண்டு. குடத்தை விடுவித்து, பின்சில்லுகளின் விசையால் மட்டும் ஓட்டுக. அப்பொழுது அரையச்சு சுழலாது. சில்லும் பெயாரிங்கும் சுழலும். ஓசை நின்றால் குற்றம் அச்சினுள்ளே, நில்லாதாயின் சில்லிடத்தே.

பின்னர், மற்றைச் சில்லுகளுக்குத் தடைக்கல் வைத்து, ஜக்கினால் அச்சை உயர்த்தி, சில்லின் மேலும் கீழும் பற்றி அசைத்துப் பார்க்க. ஆட்டமிருப்பின் மற்றொருவர் பிறேக்கை மிதிக்கட்டும். ஆட்டம் அடங்கினால் தளர்ந்தது பெயாரிங்; அடங்காதாயின் சில்லைத் திருப்பும் மூட்டின் ஆணி.

சிதைந்த பெயாரிங் ஓடும் வண்டியின் சில்லையே கழற்றிவிடவுங் கூடும். ஆதலின், செவி கேட்டதைக் கை தேர்ந்து தெளிந்த பின்னரே கருவியை எடுத்தல் முறை. கேட்டும் வாளாவிருத்தல் உயிருக்கே இடராகும்.